எழுதியவர்: றொபின்

சண்டிலிப்பாய்
17 செப்ரெம்பர் 2023

அன்புள்ள றொபின்,

போனவுடன் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீர். வாட்ஸ்அப்பில் மலையும் படகும் மழையுமாகப் படம் வந்து குவிகிறது. எழுத்தில் ஒரு வரி இல்லை. அழைப்பு எடுத்துக் கதைக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் தனியாகக் கதைக்க ஒரு மூலை கிடையாது. அம்மா, "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அப்பா, "றொபின் தம்பியே? இஞ்சை தா" என்று போனைப் பறித்து, நோர்வேயில் வெங்காயம் என்ன விலை போகிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் கடிதம்தான் சரி. நீரும் கடிதமே எழுதும்.

நீர் விட்டுப்போன மடிக்கணினி நன்றாக ஓடுகிறது. என்னுடையது செத்த நேரம் பார்த்து நீர் பயணம் போனது என் அதிர்ஷ்டம் என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்தானே?

இனி அலுவல். பட்டணத்து வகுப்பில் பிள்ளைகளுக்கு எங்கள் நாற்றைப் படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: "நாற்று எண்டு அடியுங்கோ. தமிழிலை நாலு கேள்வி கேக்கும். பதில் சொன்னால் இணையத்தளத்துக்கு வேண்டிய கோப்பெல்லாம் தானாய் முளைக்கும். சும்மா கிடைக்குது, ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம். செய்தது நாங்கள் ரெண்டு பேர்." அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். மறைப்பானேன்?

பிறகுதான் வெட்கக்கேடு தொடங்கும். கோப்புகள் முளைத்தபின், ஊரார் எழுதி வைத்த நிரல் பொதிகளை இணையத்திலிருந்து கொண்டுவர நாற்று ஒரு பொதி முகாமையாளரைக் கூப்பிடும் அல்லவா? அவர் ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் எல்லாப் பொதிகளையும் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டு வருவார். வகுப்பு முழுவதற்கும் ஓர் இணைய இணைப்பு. முக்கால்வாசி நேரம் பிள்ளைகள் திரையில் ஊரும் கோட்டைப் பார்த்தபடி இருக்கிறார்கள். போன கிழமை ஒருத்தி நித்திரையே கொண்டுவிட்டாள். பிஎன்பிஎம் என்ற மற்ற முகாமையாளர் ஒருமுறை கொண்டுவந்த பொதியை ஓரிடத்தில் வைத்து எல்லாத் திட்டத்துக்கும் அதையே பங்கிட்டுக் கொடுக்கும். எது வேண்டும் என்று நாற்று கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டும். நானே எழுதுகிறேன். நீர் ஓம் என்று சொன்னால் போதும்.

முகாமையாளர் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வங்கியில் கண்ணாடி அறைக்குள் கழுத்துப்பட்டியோடு இருப்பவர் ஞாபகம் வருகிறார். வேறு சொல் தெரிந்தால் சொல்லும்.

தர்சிகா

பேர்கன்
8 ஒக்ரோபர் 2023

அன்புள்ள தர்சிகா,

மன்னியும். எழுதக்கூடாது என்று இல்லை, எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இங்கே மழை பெய்கிறது என்று எழுதினால் நேற்றும் பெய்தது, முந்தநாளும் பெய்தது என்று எழுத வேண்டிவரும்.

நாற்றுக்கு ஒரு முகாமையாளர் போதும் என்று தொடக்கத்தில் முடிவெடுத்தவன் நான். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டாவதைச் சேர்த்தால் மூன்றாவது கேட்பார்கள். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூட்டுக் கோப்பு, ஒவ்வொரு குணம். பிழை எங்கே வந்தாலும் பழி எங்கள் தலையில் விழும். உமது கடிதத்தை வாசித்து இரண்டு நாள் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை நித்திரை கொண்ட கதை எல்லாவற்றையும் வென்றுவிட்டது. எழுதும். ஓம்.

புதிதாகக் கணக்கு ஒன்றும் திறக்கத் தேவையில்லை. என்னுடைய கணக்கின் திறப்பு, அதுதான் கடவுச்சொல், அந்த மடிக்கணினியிலேயே கிடக்கிறது, அப்படியே பாவியும். எழுதி முடித்ததும் நேரே மேலேற்றிவிடும். என் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நானும் இடையிடையே சின்னத் திருத்தங்கள் செய்வேன். சொல் மாற்றத் தேவையில்லை; முகாமையாளர் என்பது பாடப்புத்தகச் சொல், எல்லோருக்கும் விளங்கும்.

ஒரு பைத்தியக்காரத்தனம் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். புதிய கணினியின் மணிக்கூட்டை நான் இன்னும் இந்த நாட்டு நேரத்துக்கு மாற்றவில்லை. மூலையில் யாழ்ப்பாண நேரம்தான் ஓடுகிறது. அம்மா இப்போது தேவாலயத்தால் வந்திருப்பா, இப்போது தேத்தண்ணி வைப்பா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மாற்றிவிட்டால் நான் உண்மையாகவே வெளிக்கிட்டு வந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

அப்பாவிடம் சொல்லும்: வெங்காயம் இங்கே ஒவ்வொன்றாக நிறுத்து விற்கிறார்கள்.

றொபின்

சண்டிலிப்பாய்
25 பெப்ரவரி 2024

அன்புள்ள றொபின்,

முடித்துவிட்டேன். போன கிழமை புதிய பதிப்பை வெளியிட்டேன். இப்போது நாற்று, "எந்தப் பொதி முகாமையாளர் வேண்டும்?" என்று கேட்கிறது. திட்டத்தில் ஏற்கெனவே ஒரு பூட்டுக் கோப்பு கிடந்தால் அதைப் பார்த்துத் தானே ஊகிக்கிறது. இரண்டு கிடந்தால் குழம்பாமல் கேட்கிறது. பொதிகளை இணையத்திலிருந்து இறக்கும்போது நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நான் சொல்லக்கூடாதுதான், ஆனால் நல்லாக வந்திருக்கிறது.

வெளியிட்ட மறுநாளே ஒரு முறைப்பாடு. மதுரையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "தொடரவா என்று கேட்டுவிட்டு, ஓம் என்று எழுதச் சொல்கிறதே, ஒரு மென்பொருள் என்னை ஏன் மந்திரம் சொல்லச் சொல்கிறது?" வாசித்துவிட்டு நான் மட்டும் தனியாக இருந்து சிரித்தேன். சம்மதத்துக்கு நாங்கள் சொல்லும் சொல் ஐயா இது என்று பதில் போட்டு, ஆம் என்றாலும் ஏற்கும்படி செய்துவிட்டேன்.

சிரித்தது கனகாலத்துக்குப் பிறகு. உமக்கு நான் எழுதவில்லை. உம்முடைய அம்மா ரேச்சல் ரீச்சர் சொல்லியிருப்பா. மார்கழியில் அப்பா தோட்டத்தில் புகையிலைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சு பாதி. தர்மாஸ்பத்திரி வாட்டில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதான் இதில் பெரும்பகுதியை எழுதினேன். பக்கத்துக் கட்டில் ஐயா, "பிள்ளை என்ன, மருந்துக் கணக்கோ எழுதிறாய்?" என்று கேட்பார். ஓம் ஐயா என்பேன். எழுதிக்கொண்டிருந்தால் அழுகை வராது, அதுதான் காரணம்.

உம்முடைய அம்மா இரண்டு தரம் பார்க்க வந்தா. முந்திரிகைப்பழம் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலில் இருந்து செபம் செய்தா. அப்பா மறு பக்கத்தால் திருநீறு பூசச் சொல்லி சைகை காட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன்.

தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். பட்டணத்து வகுப்புக்குப் போய்வர முடியவில்லை, விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது றொபின்.

தர்சிகா

பேர்கன்
30 மார்ச் 2024

அன்புள்ள தர்சிகா,

அப்பாவின் செய்தியை அம்மா சொன்னா. என்ன எழுதுவது என்று தெரியாமலே நாள் போய்விட்டது. கட்டாயம் தேறி வருவார்.

நீர் எழுதியதை முழுவதும் வாசித்தேன். சுத்தமான வேலை. பூட்டுக் கோப்பை ஊகிக்கும் இடத்தில் நான் இதைவிட மோசமாகத்தான் எழுதியிருப்பேன். மாற்றங்களின் பட்டியலையும் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சிறிய நிறுவனம்தான், ஆனால் நாற்றைத் தாங்களே பாவிக்கிறார்களாம். புதிய பதிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். விசாவும் இந்த வேலையோடு வந்துவிடும். அம்மா தொலைபேசியில் அழுதா. இதில் உம்முடைய பங்கும் உண்டு, அதை நான் மறக்க மாட்டேன்.

மழை விட்டிருக்கிறது. மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

றொபின்

சண்டிலிப்பாய்
12 யூலை 2024

அன்புள்ள றொபின்,

இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கி அழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம் வீட்டில் இருந்தே செய்யும் வேலைக்கு ஆள் எடுக்கிறது. நான் விண்ணப்பித்தேன். நாற்றுக்குப் பொதி முகாமையாளர் தெரிவை எழுதியவள் என்று போட்டேன்; வேறு பெரிதாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நேர்முகத்தில் இரண்டு பேர். முதல் ஆள் நன்றாகக் கேட்டார், நானும் நன்றாகச் சொன்னேன். மற்றவ ஒரு அம்மணி. அவ நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே தன் கணினியில் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டா: "மிஸ், இதை எழுதினவர் றொபின் எண்டெல்லோ இருக்கு? உங்கடை பேர் ஒரு இடத்திலையும் காணேல்லையே?"

நான் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் எழுதியவர் யார், எந்த நாட்டு நேரத்தில் எழுதினார் என்று பதிவாகும் அல்லவா? எழுதியவர்: றொபின். எழுதியவர்: றொபின். மேலிருந்து கீழ்வரை அதுதான். முன்பு இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து செய்ததெல்லாம் உம்முடைய கணினியால்தானே ஏறியது. மடிக்கணினியில் உம்முடைய பெயர் பதிந்தபடியே கிடந்திருக்கிறது, நான் மாற்றவே இல்லை. திறப்பும் உம்முடையது, பெயரும் உம்முடையது, விரல் மட்டும் என்னுடையது. இவ்வளவு நாளும் எப்படி இதைக் காணாமல் இருந்தீர் என்று நீர் கேட்கலாம். கண்ணில் பட்டுத்தான் இருக்கும். நாற்று என்றால் உம்முடைய பெயர் அங்கே எப்போதும் இருக்கும், அதனால் வித்தியாசமாகத் தெரியவில்லை.

நேரத்தை வைத்து நிரூபிக்கலாம் என்று துள்ளி எழுந்தேன். நீர் நோர்வேயில், நான் ஊரில். என் மாற்றங்கள் இலங்கை நேரத்தில் இருக்கும், உம்முடையவை அந்த நாட்டு நேரத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் உம்முடைய சின்னத் திருத்தங்களும் இலங்கை நேரத்திலேயே கிடக்கின்றன. நீர் மணிக்கூட்டை மாற்றாத கதையை வாசித்து அன்றைக்கு அழுதேன். இப்போதும் அழுதேன், காரணம்தான் வேறு. இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவரும் ஒரே ஆள், ஒரே நாட்டில் இருந்து, எல்லாவற்றையும் எழுதியதாகத்தான் சொல்வார்.

வேலை கிடைக்காதது பெரிதில்லை. அந்த அம்மணியின் முகம் போகவில்லை. தர்சிகா நமசிவாயம் என்ற பிள்ளை பிறத்தியான் வேலையைத் தன்னுடையது என்று சொன்னவள் என்று அங்கே எழுதி வைத்திருப்பார்கள். அப்பாவின் பெயரையும் கொண்டுபோய் அதில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொன்னா. றொபின் என்பவர் ஒரு வரி எழுதி உறுதிப்படுத்தினால் மறுபடி பார்க்கிறோம் என்றா. அவவின் முகவரியைக் கீழே தந்திருக்கிறேன். ஒரு வரி. இதை எழுதியவள் தர்சிகா. அவ்வளவும் போதும். இந்தக் கிழமைக்குள் எழுதிவிடும்.

தர்சிகா

பேர்கன்
3 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தர்சிகா,

இப்படி நடந்தது எனக்கும் பெரிய மனக்கஷ்டம். உம்மில் ஒரு பிழையும் இல்லை, கணினிகள் இப்படித்தான்.

நான் யோசித்துப் பார்த்தேன். நடந்து முடிந்த மாற்றங்களில் பெயரைத் திருத்துவதென்றால் வரலாறு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். நாற்றைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் எல்லோருடைய பிரதியும் குழம்பும். பல பேர் அதில் தங்கியிருக்கிறார்கள், உமக்கே இது தெரியும். அதனால் இப்படிச் செய்யலாம்: நன்றிப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன், அதில் உம்முடைய பெயரை முதலாவதாகப் போடுகிறேன். இனிமேல் நீர் எழுதுவது உம்முடைய பெயரில் வருவதற்கான கட்டளைகளையும் கீழே தந்திருக்கிறேன்.

அந்த அம்மணிக்கு எழுதுவது பற்றி. வெளி நிறுவனங்களுக்கு இப்படி எழுத முன்பு எங்கள் இடத்தில் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும். நாற்று இப்போது நிறுவனத்தின் பொருட்களோடு சேர்ந்துவிட்டபடியால் இது கொஞ்சம் சிக்கல். விடுமுறைக்காலம் முடியட்டும், கேட்கிறேன். கொஞ்சம் பொறும்.

உமக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும், என் மனம் சொல்கிறது. அப்பாவுக்கு எப்படி?

றொபின்

சண்டிலிப்பாய்
15 செப்ரெம்பர் 2024

றொபின்,

நீர் என்று எழுத விரல் வரவில்லை. இந்தக் கடிதத்தில் நீங்கள் என்றே எழுதுகிறேன். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

வரலாற்றைத் திருத்தும்படி நான் கேட்கவே இல்லை. ஒரு வரி கேட்டேன். அந்த ஒரு வரிக்கு ஏன் சட்டப் பிரிவு வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வியாழக்கிழமை விளங்கிவிட்டது.

அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டு பஸ் நிலையத்தில் நின்றோம். உங்கள் அம்மா கண்டுவிட்டு ஓடி வந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, எங்கடை றொபின் ஏதோ பொதி கட்டிற வேலையிலை பரிசு எடுத்தவனாம். பெரிய மேடையிலை ஏறிக் கதைச்சவன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நீர் படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்லும்" என்று போனை நீட்டினா.

பார்த்தேன். மேடையில் நீங்கள். பின்னால் பெரிய திரையில் நாற்று. "எந்தப் பொதி முகாமையாளர் வேண்டும்?" என்று நான் எழுதிய கேள்வி, நான் எழுதிய அதே வரிசையில். பூட்டுக் கோப்பு இரண்டு கிடந்தால் என்ன செய்வது என்ற யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். நீங்கள் தலையைச் சொறிந்து, சிரித்து, ஒரு நாள் நடந்துபோகும்போது வந்தது என்று சொல்கிறீர்கள். நடந்துபோகும்போது! பதினோராம் வாட்டில், சேலைன் போத்தலுக்குக் கீழே இருக்கும்போது வந்தது அது.

ரீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "கெட்டிக்காரனே பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் ரீச்சர், சரியான கெட்டிக்காரன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தப் பஸ் நிலையத்தில் அந்த மனுஷி பெற்ற சந்தோசத்தைப் பிடுங்கி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறதே, அதை நினைத்துத்தான் ஆச்சரியப்படுகிறேன்.

மார்ச் மாதமே பட்டியலைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தர்சிகா

பேர்கன்
10 நவம்பர் 2024

தர்சிகா,

உமது கடிதம் வந்து இவ்வளவு நாள் நான் எழுதாமல் இருந்தது மனச்சாட்சி இல்லாமல் அல்ல.

நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். இது உங்களுடைய வேலையா? நாற்றைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஓம் என்றேன். நாற்று என்னுடையதும்தானே? பிறகு கதைபோகும் போக்கில்தான் அவர்கள் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறார்கள் என்று விளங்கியது. அதற்குள் எழுந்து கைகொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அவர்களை மறுபடி உட்காரச் சொல்லி, இல்லை, அதை எழுதியவள் வேறொருத்தி என்று நீர் சொல்லியிருப்பீர். நான் நீர் இல்லை.

இன்றைக்கு நான் ஒரு வரி எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாரும். கொழும்பில் ஒருவர் இங்கே ஒருவரைக் கேட்பார். நேர்முகத்தில் பொய் சொன்னவன் என்றால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். அம்மாவை இங்கே கூப்பிட எல்லா அலுவலும் முடிகிற நேரம் இது. மேடை, பரிசு ஒன்றும் நான் கேட்டு வாங்கவில்லை. நிறுவனம் பெயர் கொடுத்தது, நான் போய் நின்றேன். ஒவ்வொரு தரமும் உம்முடைய பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறப்பேன்.

உமக்கு ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் குழுவில் ஓர் இடம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்யலாம். குழுத் தலைவர் இப்போது நான்தான். நான் சொன்னால் எடுப்பார்கள். வேலை நாற்றின் அந்தப் பகுதியைப் பராமரிப்பது. அதை உம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வீட்டு நிலைமையை யோசியும்.

றொபின்

சண்டிலிப்பாய்
24 நவம்பர் 2024

வேண்டாம்.

நான் கொத்திப் பயிர் வைத்த தோட்டத்துக்கு என்னையே கூலிக்குக் கூப்பிடுகிறீர்கள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறீர்கள்.

மடிக்கணினியை ரேச்சல் ரீச்சரிடம் கொடுத்துவிட்டேன். பழுதாகிவிட்டதோ என்று கேட்டா, இல்லை, பாவித்து முடிந்தது என்றேன். அவவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அதை உங்களுக்குச் செய்த உதவியாக எடுக்க வேண்டாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தர்சிகா

பேர்கன்
2 மே 2025

தர்சிகா,

எங்கள் குழுவில் உள்ள அந்த இடத்துக்கு உமது விண்ணப்பம் போன கிழமை வந்தது. அப்பாவுக்கு மாசியில் மறுபடி பாரிசவாதம் வந்ததென்றும், இனிப் படுக்கைதான் என்றும் அம்மா இங்கே வந்த அன்றே சொன்னா. நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத வேண்டாம் என்று நீர் சொல்லியிருந்தீர்.

உம்மை எடுப்பதென்று முடிவாகிவிட்டது. இந்த மாத நடுவில் தொடங்கலாம். வேறு யாரும் உம்மைக் கேள்வி கேட்க மாட்டார்கள், நானே பார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு எழுதும். அங்கே வரும் கடிதங்களைக் குழுவில் மற்றவர்களும் மொழிபெயர்த்து வாசிப்பார்கள். அதனால் பழைய கதை ஒன்றும் அதில் வரக்கூடாது. உமக்கு இது விளங்கும்.

றொபின்

சண்டிலிப்பாய்
19 யூன் 2025

குழுத் தலைவர் அவர்களுக்கு,

கடந்த மாதம் குழுவில் சேர்ந்தபின் எனக்கு ஒப்படைக்கப்பட்ட முதலாவது பணி பற்றி எழுதுகிறேன்.

பொதிகளை இறக்கும்போது நடுவில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, புதிய பதிப்பில் சரியாக வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் முறையிட்டிருந்தார். பரிசோதித்துப் பார்த்தேன். தாங்கள் எழுதிய பகுதியில் ஒரு சிறிய பிழை இருந்தது. அதைத் திருத்தி மேலேற்றிவிட்டேன். தாங்கள் எழுதிய மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன, அவற்றை நான் தொடவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பகுதியைத் தாங்களே விளக்கவிருப்பதாக அறிந்தேன். அது நடக்கும் விதம் இதுதான்: ஒவ்வொரு பொதியும் இறங்கி முடிந்தவுடன் அது இறங்கிவிட்டது என்று நாற்று குறித்துக்கொள்ளும். மறுபடி தொடங்கும்போது குறிப்பைப் பார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கும். ஒவ்வொரு பொதிக்கும் ஏன் இப்படித் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், இடைக்கிடை குறித்தால் போதாதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இதை வாசிக்கும் எவருக்கும் முதலில் வரும் கேள்வி அது. தாங்கள் இப்படிச் சொல்லலாம்:

"நான் இதை எழுதிய காலத்தில் வீட்டில் ஒருவர் நோயில் கிடந்தார். எந்த நேரம் கூப்பிடுவார் என்று தெரியாது. கூப்பிட்டால் போட்டது போட்டபடி கிடக்க ஓட வேண்டும். துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் நின்றிருக்கும். ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அதனால்தான் விட்ட இடத்தை மறக்காதபடி எழுதினேன்."

இவ்வளவும் போதுமானது. அந்த ஒருவர் யார் என்று கேட்டால் வேறு யாரையாவது சொல்லுங்கள்; அப்பா என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
ந. தர்சிகா